உதவியா, உடந்தையா? போதையிலிருந்து மீள்பவரோடு வாழ்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குடிப்பவரோடு பல வருடம் வாழ்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு காது முளைத்துவிடும். பூட்டில் சாவி நுழையும் சத்தத்தை வைத்தே அன்றைய இரவு எப்படிப் போகும் என்று அது சொல்லிவிடும். ஒரே தடவையில் நுழைந்தால் நிம்மதி. இரண்டு மூன்று முறை உரசினால் பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்ப வேண்டும். அவர் குடியை நிறுத்தி நாற்பது நாள் ஆனபிறகும் அந்தக் காது ஓய்வதில்லை. சாவி உரசினால் நெஞ்சு படபடக்கிறது. பாக்கெட்டைத் துழாவத் தோன்றுகிறது. பேசும் சாக்கில் கிட்டப்போய் மோந்து பார்க்கத் தோன்றுகிறது. அவருக்குச் சிகிச்சை கிடைத்தது. அந்தக் காதுக்கு யாரும் சிகிச்சை தரவில்லை.

இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. பெரும்பாலும் குடியை வைத்தே எழுதியிருக்கிறோம். மாத்திரை, ஊசி, கஞ்சா, சூதாட்டம் எதுவானாலும் பேச்சு, பணம், எல்லை பற்றிய பகுதிகள் அப்படியே பொருந்தும். ‘அவர்’ என்பது கணவன், மனைவி, மகன், மகள், அப்பா யாராகவும் இருக்கலாம்.

முதலில் இதற்கு வைத்த பெயரைப் பார்த்துவிடுவோம்

இணைச்சார்பு, அதாவது ‘கோடிபென்டன்சி’ என்ற சொல் 1970கள், 80களில் அமெரிக்கச் சிகிச்சை மையங்களிலிருந்து பரவியது. ஒருவர் போதையைச் சார்ந்திருக்கிறார். வீட்டிலுள்ள இன்னொருவர் அவரைக் காப்பாற்றுவதையே சார்ந்து வாழ ஆரம்பித்துவிடுகிறார் என்பது அதன் பொருள். 1980களில் இதை ஓர் ஆளுமைக் கோளாறாக மனநோய்ப் பட்டியலில் சேர்க்கவேண்டும் என்று ஒரு யோசனை எழுந்தது, சேர்க்கவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் அந்தப் பட்டியலான டிஎஸ்எம் கையேட்டில் இன்றும் அது நோயாக இல்லை. அதனால் ‘எனக்குக் கோடிபென்டன்சி’ என்று நீங்களே ஒரு முத்திரை குத்திக்கொள்ள வேண்டாம். வீட்டைத் தாங்கிப் பிடித்த மனைவியையும் தாயையும் பார்த்து ‘நீங்கள்தான் அவரைக் கெடுத்தீர்கள்’ என்று சொல்வதற்கும் இந்தச் சொல் பயன்பட்டிருக்கிறது. அது அநியாயம்.

தமிழில் இதைவிடக் கச்சிதமான சொல் ஒன்று இருக்கிறது: உடந்தை. அவர் செய்யவேண்டியதை அவரே செய்ய வழி செய்தால் உதவி. அவர் செய்ததன் விளைவு அவரைத் தொடாமல் நடுவில் நின்று வாங்கிக்கொண்டால் உடந்தை. கீழே வரும் ஒவ்வொரு படியிலும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது யார் வேலை?

எல்லாவற்றுக்கும் முன்: உயிர் சம்பந்தப்பட்டவை

‘விளைவை அவரே அனுபவிக்கட்டும்’ என்ற பேச்சு உயிர் விஷயத்தில் செல்லாது. தினமும் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். 48 முதல் 96 மணி நேரத்துக்குள் சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் வரும்: இடமும் நேரமும் குழம்பும், இல்லாத ஆட்களோடு பேசுவார், உடம்பு கொதிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிர் போகலாம். அறையில் பூட்டிவைத்து ‘இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பது அதனால்தான் ஆபத்து. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் டயஸெபாம், அல்ப்ரஸோலாம் போன்ற மாத்திரைகளைப் பல மாதம் எடுத்தவர்களும் திடீரென்று நிறுத்தக்கூடாது. டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஹெராயின், மார்ஃபின் வகையில் ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. நிறுத்தும் நாட்கள் நரகமாக இருக்கும். ஆனால் கூடுதல் சாவுகள் நிறுத்திய பிறகுதான். சிகிச்சை மையத்தில் சில வாரம் இருந்தவரின் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுபோகும். அவர் வீடு திரும்பும் முன்பே இந்த வகைப் போதையின் வேலையை முறிக்கும் நலாக்சோன் மருந்து பற்றி டாக்டரிடம் கேட்டு, கிடைத்தால் கையில் வைத்திருங்கள். உதடு நீலமாகி, தட்டினாலும் எழாமல், மூச்சு விட்டுவிட்டு வந்தால்: ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், மூக்கில் நலாக்சோன் ஸ்ப்ரே அடியுங்கள், 2-3 நிமிடத்தில் விழிக்காவிட்டால் இன்னொரு ஸ்ப்ரே. விழித்துக்கொண்டாலும் ஆம்புலன்ஸைத் திருப்பி அனுப்பாதீர்கள். மருந்தின் வேலை 30 முதல் 90 நிமிடத்தில் தீர்ந்துவிடும், உள்ளே போன போதை அதைவிட அதிக நேரம் இருக்கலாம்.

இன்னொன்று. சாப்பாட்டில் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். அப்படிக் கொடுக்கும் பொடியிலும் மாத்திரையிலும், குடியை விட டாக்டர்கள் தரும் டைசல்ஃபிராம் இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவர் செத்தும் போகலாம். தெரிந்தே எடுப்பவர்கூடக் குடித்து 12 மணி நேரம் ஆகாமல் அதைத் தொடக்கூடாது; கடைசி மாத்திரைக்குப் பின் 14 நாள் வரை குடித்தால் எதிர்வினை வரலாம். இதில் எதுவும் தெரியாத ஒருவருக்கு ஊட்டுவது விஷம் வைப்பதற்குச் சமம்.

படி 1: ஏழு நாள் கணக்கு எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுத்து, அவருக்காகவோ அவரால் வந்த பிரச்சினைக்காகவோ நீங்கள் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஏழு நாள் எழுதிவையுங்கள். சிறியது பெரியது பார்க்க வேண்டாம். ‘அலாரம் அடித்தும் எழவில்லை, மூன்று தடவை எழுப்பினேன்.’ ‘மேனேஜருக்குப் போன் செய்து காய்ச்சல் என்றேன்.’ ‘கடன்காரர் வந்தார், வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னேன்.’ ‘போனில் யாருடன் பேசினார் என்று பார்த்தேன்.’ ‘மாத்திரையைக் கையில் வைத்து, விழுங்கும்வரை நின்றேன்.’

எட்டாம் நாள் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கேள்வி. இதை நான் செய்யாமல் விட்டால் என்ன நடக்கும்? அது யாருக்கு நடக்கும்? அவருக்கு மட்டும் நடக்குமென்றால் அது அவர் வேலை. பிள்ளைகளின் சாப்பாடு, வாடகை, உயிர் ஆகியவற்றைத் தொடுமென்றால் செய்துகொண்டே இருங்கள். அவருக்குப் பாடம் புகட்ட வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்கவிடுவது முட்டாள்தனம். எதுவுமே நடக்காதென்றால் அது உங்கள் பதற்றத்துக்காக நீங்கள் செய்துகொள்வது. போனை நோண்டுவது, குப்பைக் கூடையில் பாட்டில் தேடுவது எல்லாம் இந்த மூன்றாவது வகை. நிறையப் பேருக்கு இந்த வகைதான் நோட்டில் பாதியை நிரப்பும்.

பட்டியல் முழுவதையும் ஒரே நாளில் கைவிடாதீர்கள். வாரத்துக்கு ஒன்று, அதுவும் சின்னதிலிருந்து. எழுப்புவதை நிறுத்துவது நல்ல ஆரம்பம். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “திங்கக்கிழமையிலேர்ந்து நான் எழுப்ப மாட்டேங்க. அலாரம் வச்சுக்கோங்க.” சொல்லாமல் நிறுத்தினால் அது பழிவாங்கல் போல இருக்கும். புதன்கிழமை அவர் தாமதமாக எழுந்து கத்துவார். அங்கேதான் பல வீடுகளில் இந்தப் படி சரிகிறது: ‘சரி, இன்றைக்கு மட்டும்’ என்று வியாழக்கிழமை எழுப்பிவிடுவார்கள்.

படி 2: மருந்தில் உங்கள் பங்கு எது?

டாக்டரிடம் அவரோடு ஒருமுறை போய், அவர் சம்மதத்தோடு, மூன்று விஷயம் கேட்டுக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயரும் வேளையும், எந்த அறிகுறி வந்தால் உடனே வரவேண்டும், ஒரு வேளை தவறினால் என்ன செய்வது. அதன்பிறகு மாத்திரை எடுப்பது அவர் பொறுப்பு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. டைசல்ஃபிராம் போன்றவற்றை இன்னொருவர் கண்முன் விழுங்குவதாக ஒப்பந்தம் செய்துகொண்டால் நன்றாக வேலை செய்கிறது. கேட்கவேண்டியவர் அவர், நேரம் குறிப்பவரும் அவர். காலையில் அவரே மாத்திரையோடு உங்களிடம் வருகிறார், நீங்கள் பார்க்கிறீர்கள், அவ்வளவுதான். அவர் வராவிட்டால் துரத்த வேண்டாம். ‘இரண்டு நாள் வராவிட்டால் டாக்டருக்குச் சொல்வேன்’ என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். டைசல்ஃபிராம் எடுப்பவர் மவுத்வாஷ், இருமல் சிரப் முதலியவற்றில் ஆல்கஹால் இருக்கிறதா என்று லேபிளைப் பார்க்கவேண்டும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் அடர்நிறமானாலோ அன்றே டாக்டரிடம் போகவேண்டும், கல்லீரல் பாதிப்பாக இருக்கலாம்.

ஓபியாய்டு, அதாவது ஹெராயின், மார்ஃபின் வகைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகப் புப்ரினார்ஃபினோ மெத்தடோனோ எடுப்பவரிடம் ‘ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா, எப்போது நிறுத்துவாய்?’ என்று வீட்டார் நச்சரிப்பதை அடிக்கடி பார்க்கலாம். தயவுசெய்து வேண்டாம். சாவைத் தடுப்பதில் நன்றாக நிரூபணமான மருந்துகள் இவை. அவசரப்பட்டு நிறுத்தியபின் வரும் வாரங்கள்தான் ஆபத்தானவை.

படி 3: பணம்

இங்கே இரண்டு துருவங்களுக்கும் போய் வீடுகள் மாட்டிக்கொள்கின்றன. ஒன்று, கேட்டபோதெல்லாம் கொடுப்பது. மற்றொன்று, சம்பளம் முழுவதையும் வாங்கிவைத்துக்கொண்டு பஸ்ஸுக்குச் சில்லறை கொடுப்பது. இரண்டாவது பாதுகாப்பானதாகத் தெரியும். நாற்பது வயது ஆள் பஸ்ஸுக்குக் கை நீட்டி நிற்க, நீங்கள் ஜெயிலராகிவிடுகிறீர்கள். அந்த அவமானமே குடிக்க ஒரு காரணமாகிவிடும். உங்களுக்கும் 24 மணி நேரக் காவல் வேலை.

நடுவழி இதுதான். அவர் வாயால் ஒப்புக்கொண்ட ஏற்பாடாக, முதல் 90 நாளுக்கு மட்டும், முடியும் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை சம்பளம் வந்த அன்றே தனியாகப் போய்விட வேண்டும். வாரச் செலவுக்கு ஒரு தொகை அவர் கையில். அதற்குக் கணக்குக் கேட்கக்கூடாது, பில் பார்க்கக்கூடாது. தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம்வரை இல்லை. பெருந்தொகை எடுப்பதானால் இருவரும் சேர்ந்து.

பழைய கடன்களைப் பற்றி: பட்டியல் போடுவது அவர், கடன் கொடுத்தவருக்குப் போன் செய்வது அவர். நீங்கள் பக்கத்தில் உட்காரலாம், வட்டிக் கணக்கில் உதவலாம். ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். நகையை விற்று மொத்தக் கடனையும் ஒரே மூச்சில் அடைத்துவிட்டால் ‘புது வாழ்க்கை’ போல் தோன்றும். அவரிடமோ விளைவு எதுவும் மிச்சமிருக்காது. உங்களிடம் தீராத ஒரு கோபம் மிச்சமிருக்கும்.

படி 4: பேச்சு

‘தானாக அடிபட்டுத் திருந்தட்டும், நாம் ஒதுங்கியிருப்போம்’ என்றும், ‘எல்லோரும் சேர்ந்து உட்காரவைத்துக் கேட்போம்’ என்றும் இரண்டு யோசனைகள் உறவினர் கூட்டத்தில் வரும். மூன்றாவதாக ஒரு முறை இருக்கிறது, அதன் பெயர் கிராஃப்ட். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ராபர்ட் மையர்ஸும் குழுவினரும் வளர்த்தது. குடிப்பவரை விட்டுவிட்டு, வீட்டில் இருப்பவருக்குப் பயிற்சி தருகிறது. 1999இல் வெளியான ஆய்வொன்றில், சிகிச்சைக்கு மறுத்துக்கொண்டிருந்தவர்களில் கிராஃப்ட் பயின்ற குடும்பத்தினர் 64 சதவீதம் பேரைச் சிகிச்சைக்கு வரவைத்தார்கள். கூட்டமாக எதிர்கொள்ளும் முறையில் அது 30 சதவீதம். குடிப்பவர்களின் குடும்பத்தினருக்கான அல்-அனான் குழுக்களின் வழியில் 13 சதவீதம். அல்-அனானைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை; குடிப்பவரை இழுத்துவருவது அதன் நோக்கமே அல்ல, அதற்கு வேறு பயன் உண்டு, பிறகு வருகிறோம்.

கிராஃப்ட் பேச்சின் சாரம்: சுருக்கமாகப் பேசு, ஒரே ஒரு சம்பவத்தைச் சொல், உன் உணர்வை உன்னுடையதாகச் சொல், வேண்டாததைச் சொல்லாமல் வேண்டியதைக் கேள். எழுத எளிது, இரவு எட்டரைக்கு வாசலில் நிற்கும்போது கஷ்டம். பழக்கத்தில் வருவது இப்படி இருக்கும்:

“எங்க போயிருந்தீங்க இவ்ளோ நேரம்? ஆரம்பிச்சாச்சா? எங்க, ஊதுங்க பாப்போம்.”

அவர் குடிக்கவில்லை என்றாலும் இந்தச் சண்டையில் அவர் தோற்றுவிட்டார். ‘குடித்தாலும் திட்டு, குடிக்காவிட்டாலும் திட்டு’ என்ற கணக்கு அவர் மனதில் போடப்படும். மாற்றிச் சொல்வதானால்:

“ஏழு மணிக்கு வந்துடுவேன்னு சொன்னீங்க, எட்டரை ஆயிடுச்சு. போனும் வரலைன்னதும் எனக்குப் பழைய பயம் வந்துடுச்சுங்க. லேட்டாகும்னா ஏழு மணிக்குள்ள ஒரு மெசேஜ் போட்டுடுங்க. வரலைன்னா நான் சாப்பிட்டுட்டுப் படுத்துடுவேன்.”

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். முழு உரையாடலின் பாரமும் அதில்தான் இருக்கிறது. அவர் மெசேஜ் போட்டாலும் போடாவிட்டாலும் நீங்கள் சாப்பிடுவீர்கள், படுப்பீர்கள். உங்கள் தூக்கம் அவர் கையில் இல்லை. சொல்லிவிட்டு, ஒன்பது மணிவரை ஜன்னலோரம் நின்றால் சொன்னது வீண்.

பெற்றோருக்கு வேறு ஒரு பழக்கம் உண்டு: தினமும் கேட்பது. “கூட்டத்துக்குப் போனியா தம்பி? மாத்திரை போட்டியா? யாரோட பேசுன?” அக்கறைதான். மகன் காதில் அது போலீஸ் விசாரணை. வாரத்தில் ஒரு நாள், 20 நிமிடம், நேரம் குறித்து உட்காருங்கள். “இந்த வாரம் எது கஷ்டமா இருந்துச்சு? நான் செய்யறதுல எது உதவுது, எது எரிச்சலா இருக்கு?” என்று கேட்டு, பதில் சொல்லாமல் கேளுங்கள். மற்ற ஆறு நாளும் அந்தப் பேச்சு வேண்டாம். கிரிக்கெட்டோ சமையலோ பேசுங்கள். வீட்டில் குடியைத் தவிர வேறு பேச்சே இல்லாமல் போனால் அவர் என்றைக்கும் நோயாளி, நீங்கள் என்றைக்கும் நர்ஸ்.

பாராட்டுவதாக இருந்தால் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள். ‘குடிக்காம இருக்கறது சந்தோஷம்’ என்பதில் கத்தி மறைந்திருக்கிறது. “நேத்து பாப்பாவுக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அவ ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டே இருந்தா” என்பதில் இல்லை. போதையில் இருக்கும்போது எதையும் பேசாதீர்கள். நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம். காலையில் நினைவிருக்கப்போவது நீங்கள் கத்தியது மட்டும்தான்.

படி 5: எல்லை

‘இனி குடித்தால் வீட்டுக்குள் விடமாட்டேன்’ என்று முன்னூறு தடவை சொல்லி முன்னூற்றொன்றாவது தடவையும் கதவைத் திறந்திருப்பீர்கள். தவறு உங்கள் மன உறுதியில் இல்லை, எல்லையின் அளவில் இருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு, களைப்பில், அண்டைவீட்டார் பார்க்க, நிறைவேற்ற முடியாத எதையும் எல்லையாகச் சொல்லாதீர்கள்.

எல்லை என்பது உங்கள் செயலைப் பற்றிய வாக்கியம். ‘நீங்கள் குடிக்கக்கூடாது’ என்பது கட்டளை. அவர் மீறினால் உங்கள் கையில் ஒன்றுமில்லை. “குடிச்சிருந்தா நான் வேற ரூம்ல கதவைச் சாத்திட்டுப் படுப்பேன்”, “குடிச்சிட்டு வண்டி எடுத்தா நானும் பிள்ளைங்களும் அதுல ஏற மாட்டோம்”, “ஆபீசுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன், போன் வந்தா உங்க கையில குடுத்துடுவேன்” என்பவை எல்லைகள். மூன்று போதும். பத்து வைத்தால் ஒன்றும் நிற்காது.

வைத்தபிறகு முதல் இரண்டு மூன்று வாரம் நிலைமை மோசமாகும். கத்தல், அழுகை, ‘உனக்கு என்மேல் பாசமே இல்லை’, உங்கள் அம்மாவுக்கே போன். இதுவரை பலித்த வழி அடைபட்டதும் மனிதர் அதையே இன்னும் வேகமாக முயல்வது இயல்பு. இந்த இடத்தில் ஒன்பது தடவை மறுத்துப் பத்தாவது தடவை கொடுத்தால், பத்து தடவை கேட்டால் கிடைக்கும் என்று கற்றுக்கொடுத்ததாகிறது. எப்போதாவது பரிசு விழும் லாட்டரியை மனிதர்கள் விடாததுபோல, எப்போதாவது இளகும் எல்லையையும் விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள். நிறுத்த முடியாதென்றால் முதல் தடவையே கொடுத்துவிடுங்கள், அதுகூடத் தேவலை.

அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் இந்தப் படி அப்படியே பொருந்தாது. எல்லை வைக்கும் தருணமே அங்கே ஆபத்தானது. முக்கியமான ஆவணங்கள், கொஞ்சம் பணம், மருந்து, மாற்றுச் சாவி ஆகியவற்றை ஒரு பையில் வீட்டுக்கு வெளியே நம்பகமான ஒருவரிடம் வைத்துவிட்டு, எங்கே போவது என்று முடிவு செய்தபிறகே மற்றதெல்லாம். வன்முறை நிற்காமல் இருவரும் சேர்ந்து கவுன்சிலிங் போவதும் வேண்டாம். அங்கே சொன்னதற்கு வீட்டில் அடி விழும்.

படி 6: வீட்டுக்கு வந்த புது ஆள்

யாரும் எச்சரிக்காத கட்டம் இது. முதல் சில மாதம் அவருக்குத் தூக்கம் வராது, காரணமில்லாமல் எரிந்து விழுவார், இனிப்புக்கு அலைவார், எதிலும் பிடிப்பிருக்காது. ‘குடித்தபோதுகூட இவ்வளவு மோசமில்லை’ என்று மனதுக்குள் நினைத்துவிட்டுக் குற்ற உணர்வில் தவிப்பீர்கள். நினைத்ததில் தவறில்லை. மூளை பழைய நிலைக்கு வர மாதக்கணக்கில் ஆகும்.

குடிக்கவேண்டும் என்ற வேகம் அலைபோல எழும்பி, பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் தணியும். அந்த நேரத்தைக் கடத்துவது அவர் வேலை. அவர் கேட்டால் கூட நடக்கப் போகலாம். கேட்காமல் ‘என்ன ஆச்சு, முகம் ஏன் இப்படி இருக்கு?’ என்று பின்னால் அலையவேண்டாம். உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: வீட்டில் மது இல்லாமல் பார்த்துக்கொள்வது, முதல் சில மாதம் மது பரிமாறும் விருந்துகளுக்கு ‘வரவில்லை’ என்று சொல்லத் தயங்காதிருப்பது. மீட்சிக் கூட்டங்களில் ‘ஹால்ட்’ என்பார்கள்: பசி, கோபம், தனிமை, களைப்பு. வேகம் கிளம்பும் நான்கு வாசல்கள். இவற்றை அவர் தெரிந்துவைத்திருந்தால் போதும், நீங்கள் மணிக்கொரு தரம் பார்க்க வேண்டியதில்லை.

இதைவிடச் சிக்கலான ஒன்று, நாற்காலிச் சண்டை. பத்து வருடமாக வீட்டை நீங்கள் நடத்தியிருக்கிறீர்கள். பள்ளி, வங்கி, மராமத்து, எல்லாம் நீங்கள். தெளிந்து வந்தவர் ஒரு நாள் ‘பையனுக்கு இந்த டியூஷன் எதுக்கு?’ என்கிறார். உங்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது: இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள்? அவர் திரும்பி வரவேண்டும் என்று அழுததும் நீங்கள்தான், அவருக்கு இடம்விட மனம் வராததும் நீங்கள்தான். இரண்டும் உண்மை. ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள்: மாதாந்திர பில்கள், அல்லது பையனின் பள்ளி. அவர் உங்கள் அளவுக்குச் சுத்தமாகச் செய்யமாட்டார். கடைசி நாளில் கட்டுவார், அபராதமும் விழலாம். பின்னால் நின்று திருத்தினால் ஒப்படைக்கவே இல்லை என்று அர்த்தம்.

படி 7: சறுக்கினால்

சறுக்கலுக்கான திட்டத்தை அவர் நன்றாக இருக்கும் நாளிலேயே சேர்ந்து எழுதுங்கள். ‘அபசகுனமாகப் பேசாதே’ என்பார்கள். தீயணைப்புக் கருவி வாங்குவது தீயை அழைப்பதல்ல. 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு முக்கியமான மருத்துவக் கட்டுரை, சிகிச்சைக்குப் பின் மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம் என்றது. ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகள் சிகிச்சையைக் கைவிட்டு மோசமாவதும் அதே வரிசையில்தான் இருக்கிறது.

ஒரு தடவை குடிப்பது வேறு, பழையபடி ஆவது வேறு. இடையில் இருப்பது வெட்கம். ‘எல்லாம் போச்சு, இனி என்ன’ என்ற எண்ணம்தான் ஒரு கிளாஸை ஒரு வாரமாக்குகிறது என்று உளவியலாளர் ஆலன் மார்லட் விளக்கினார். அந்த வெட்கத்தில் நீங்கள் எண்ணெய் ஊற்றாமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அன்றிரவு பாதுகாப்பு மட்டும். வண்டிச் சாவியை எடுத்துவிடுங்கள்; இதில் உடந்தையா என்ற கேள்விக்கே இடமில்லை, தெருவில் போகிறவரின் உயிரும் அதில் இருக்கிறது. வாந்தி எடுப்பவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். எழுப்பினாலும் எழாவிட்டால், மூச்சு சீராக இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. வாந்தியைத் துடைப்பது, சட்டை மாற்றுவது, சோபாவிலிருந்து படுக்கைக்கு இழுத்துப்போவது வேண்டாம். காலையில் அவர் கண்ணால் பார்க்கட்டும்.

மறுநாள், தலைவலி தெளிந்தபிறகு, ஐந்து நிமிடம்: “நேத்து என்ன ஆச்சுன்னு நான் கேக்கல. டாக்டருக்கோ ஸ்பான்சருக்கோ எப்போ பேசப்போறீங்க?” ஸ்பான்சர் என்பவர் மீட்சிக் கூட்டத்தில் அவருக்கு வழிகாட்டும் மூத்தவர். போன் செய்வது அவர் வேலை. 48 மணி நேரத்துக்குள் என்று திட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். மூன்று நாளைத் தாண்டித் தொடர்ந்தால் வீட்டில் நிறுத்த முயலாமல் மீண்டும் மருத்துவ மேற்பார்வையில் நிறுத்த வேண்டும். யாருக்குச் சொல்வது என்பதையும் முன்பே தீர்மானியுங்கள். டாக்டரிடம் மறைப்பது உடந்தை. உறவினர் பத்துப் பேருக்குப் போன் போட்டு அழுவது அவருக்குத் தண்டனை. உங்களுக்குத் தாங்கமுடியவில்லை என்றால் ஒருவரிடம் சொல்லுங்கள், ஒருவரிடம் மட்டும்.

சாவதைப் பற்றி அவர் பேசினால், அல்லது பேசாமலே எல்லாவற்றையும் பிரித்துக்கொடுக்க ஆரம்பித்தால், நேராகக் கேளுங்கள்: “செத்துடலாம்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே சிகிச்சைக்கு அழைத்துப் போங்கள்.

படி 8: அந்தக் காதுக்கு ஓய்வு

குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் தொடங்கியது. கணவன்மார் கூட்டத்தில் இருக்க, வெளியே காத்திருந்த மனைவிகள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அப்படி ஆங்காங்கே முளைத்த குழுக்களை, அதன் நிறுவனர்களில் ஒருவரின் மனைவியான லோயிஸ் வில்சனும் தோழியும் ஒன்றுசேர்த்து 1951இல் உருவாக்கியது அல்-அனான். அங்கே திரும்பத் திரும்பக் கேட்கும் மூன்று வரி: இதை நான் உண்டாக்கவில்லை, என்னால் கட்டுப்படுத்த முடியாது, என்னால் குணப்படுத்தவும் முடியாது. குறைந்தது ஆறு கூட்டமாவது போய்ப் பாருங்கள். முதல் கூட்டத்தில் அழுகைதான் வரும், ஒன்றும் காதில் விழாது. அதில் இருக்கும் ஆன்மிகப் பேச்சு ஒத்துவராவிட்டால் ஒரு கவுன்சிலரிடம் தனியாகப் போகலாம். அவருக்குப் பார்க்கும் கவுன்சிலரே உங்களுக்கும் வேண்டாம்.

வாரத்தில் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரமாவது, அவர் தெளிவாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தாகாத ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். பாட்டு வகுப்போ நடையோ தோழி வீடோ எதுவாகவும் இருக்கட்டும். முதல் வாரம் போனையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஆறாவது வாரம் ஒரு முழு மணி நேரம் அவரை நினைக்காமல் கழிந்திருக்கும். அதை நோட்டில் எழுதிவையுங்கள். தூக்கமின்மை, நெஞ்சு படபடப்பு, எதிலும் ஆர்வமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் உங்களுக்காக ஒரு டாக்டரைப் பாருங்கள்.

பிள்ளைகளை உளவாளி ஆக்காதீர்கள். ‘அப்பா வாயில வாசனை வருதான்னு பாரு’ என்று ஒரு தடவை சொன்னாலும் அவர்களுக்கும் அந்தக் காது முளைத்துவிடும். வயதுக்கேற்ற உண்மையைச் சொல்லுங்கள்: “அப்பாவுக்கு ஒரு வியாதி, சிகிச்சை எடுத்துக்கிட்டிருக்கார். உன்னால வந்தது இல்ல. பயமா இருந்தா என்கிட்ட சொல்லு.”

திரும்பக் கொடுக்கும் தேதிகள்

90ஆம் நாள் பண ஒப்பந்தத் தாளை எடுங்கள். நாட்கள் ஒழுங்காகக் கழிந்திருந்தால் வங்கிக் கார்டு அவர் கைக்குப் போகட்டும். சறுக்கல் இருந்திருந்தால் இன்னொரு 90 நாள், புதுத் தேதியோடு. ஆறாம் மாதம் வாராந்திர 20 நிமிடத்தைப் பதினைந்து நாளுக்கு ஒன்றாக்குங்கள். கண்முன் மாத்திரை விழுங்கும் ஏற்பாட்டைத் தொடர்வதா என்று அவரும் டாக்டரும் முடிவு செய்யட்டும். ஒரு வருடம் ஆனதும் ஏழு நாள் கணக்கை மறுபடி எழுதி, முதல் நோட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றாவது வகை வரிகள், அதாவது பதற்றத்துக்காகச் செய்தவை, எத்தனை மிச்சமிருக்கின்றன என்று எண்ணுங்கள். அவர் ஒரு வருடம் குடிக்காமல் இருந்தும் அந்த எண் குறையவில்லை என்றால், அடுத்த வாரத்துக்கான டாக்டர் அப்பாயின்ட்மென்ட் உங்கள் பெயரில் இருக்கட்டும்.